வெளுக்காத கை

கயல், மாறா, இந்த வாரம் உங்கள் இருவரையும் பெயர் சொல்லியே கூப்பிட்டு எழுதுகிறேன். பத்திரிகை வாசிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

கயல், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் எடுத்த உன் படத்தைப் போன வாரம் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாய். "அப்பா, இதுக்கு ஒரு பளிச் போட்டுக் குடுங்க" என்றாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன். ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுக்கிற அப்பா சொந்த மகளுக்குப் போட மாட்டேன் என்கிறாரே என்று நீ அம்மாவிடம் முறையிட்டது என் காதிலும் விழுந்தது.

போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரம் எனக்கு கௌரியின் ஞாபகம் வந்துவிட்டது. அதை வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று எழுதுகிறேன்.

திரையில் வைத்த விரல்

கௌரி எங்கள் கல்யாண வீடியோ ஸ்டூடியோவுக்கு வந்தது மாம்பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற காலம். ஓசூரில் செல்போன் பாகம் பூட்டுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. ஷிப்ட் முடிந்து, கழுத்தில் தொங்கும் அட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தாள். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம் நாகரசம்பட்டி. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

கையில் ஒரு பென் டிரைவ். அதில் அவளுடைய அக்கா கல்யாணப் படம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் நாங்களே எடுத்துக் கொடுத்தது.

"இதுல எங்கப்பா இருக்காருங்கண்ணா. அக்காவுக்கும் மாமாவுக்கும் அரிசி போடுவாரு. அத அப்படியே எடுத்து எங்க ரெண்டு பேருக்கும் போடற மாதிரி வெக்கணும். ரிசப்ஷன்ல பெரிய திரையில ஓடணும்."

அவள் அப்பா மாதையன் போன மாங்காய் சீசனில், தோப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இறந்துபோன அப்பாவையோ அம்மாவையோ கல்யாணப் படத்துக்குள் வரவழைத்து ஆசீர்வாதம் பண்ண வைப்பது எங்கள் பக்கம் இப்போது ஒரு சடங்கு மாதிரியே ஆகிவிட்டது. பந்தி, மேளம், மெகந்தி, அப்புறம் இது. மாதத்துக்கு ஒருவராவது என் கையால் மண்டபத்துக்கு வந்து போவார்கள்.

அதனால் எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. படத்தை ஓட்டினேன். மாதையன் மேடை ஏறினார். தட்டிலிருந்து அரிசி அள்ளினார்.

"நிறுத்துங்கண்ணா."

கௌரி எழுந்து வந்து திரையில் விரலை வைத்தாள்.

"இவரு எங்கப்பா இல்ல."

கல்லாவில் இருந்த முதலாளி நாகராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, மாத்திக் கீத்தி வேற கல்யாணத்து பென் டிரைவ் எடுத்தாந்துட்டியா?"

"சட்ட எங்கப்பாது. வேட்டி எங்கப்பாது. மூஞ்சி மட்டும் யாரோ மாவு மில்லுக்காரரு மூஞ்சி. சின்னதா போன்ல பாத்தப்ப இது தெரியல."

நாகராஜ் அண்ணன் சிரித்தார். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"எங்கப்பா கறுப்புங்கண்ணா. சும்மா கறுப்பு இல்ல. சாயங்காலம் தோப்புல இருந்து வந்தார்னா வேட்டியும் பல்லும்தான் மொதல்ல வரும், ஆளு அப்பறம்தான் வருவாரு. என்னப் பாருங்க. நான் அவரு கலரு. இதுல பாத்தா நான் யாரு பொண்ணுன்னே தெரியல."

பிறகு என்னிடம் ரொம்பச் சாதாரணமாக ஒன்று கேட்டாள். "இப்பிடி வெளுக்க வெக்க ஒரு பட்டன் இருக்குமில்லீங்க? அப்ப அத எடுக்கறதுக்கும் ஒண்ணு இருக்கும். எடுத்துட்டு, பழைய மூஞ்சியக் குடுத்துருங்க. எனக்கு அது போதும்."

எஃப்-5

எங்கள் கீபோர்டில் எஃப்-5 பொத்தானின் மேல் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ‘பளிச்’ என்று நாகராஜ் அண்ணன் தன் கையால் எழுதி ஒட்டியது. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம் பேசுகிற மனிதர். கம்பெனியில் ஆள் குறைத்தபோது தெருவில் நின்ற என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டவர் அவர்தான் என்று முந்தைய வாரங்களில் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பொத்தானை அழுத்தினால் நடப்பது இதுதான். படத்தில் உள்ள முகங்களை சாஃப்ட்வேர் கண்டுபிடித்து, ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் முட்டை வடிவில் ஒரு வளையம் போடும். வளையத்துக்குள் இருப்பதைப் பிரதி எடுத்து, அதன் மேலேயே ஸ்க்ரீன் முறையில் வைக்கும். அதற்கும் மேல் கொஞ்சம் ஒளியை ஆட் முறையில் ஊற்றும். கறுத்த முகம் மாநிறமாகும். மாநிறம் சிவப்பாகும். ஏற்கெனவே சிவப்பாக இருந்தவர் பின்னால் உள்ள சுவரோடு சுவராகிவிடுவார்.

யாரும் கேட்டுப் போடுவதில்லை. கேட்காமலே போடுவோம். போடாமல் கொடுத்தால்தான் கேள்வி வரும். "என்னாங்க, பொண்ணு இப்பிடி டல்லா இருக்குது? கேமரா பழசா?" என்பார்கள். பெண்ணின் நிறம் அதுதான் என்று ஒரு கல்யாண வீட்டில் நின்றுகொண்டு யார் சொல்வது?

ஒன்றின் மேல் ஒன்று

மாறா, ஸ்க்ரீன், ஆட் என்றால் என்ன என்று நீ ஒருமுறை கேட்டாய். அன்றைக்கு நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை. நான் பத்தாவது, அதிலும் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ். இந்தக் கணக்கை மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணால் பார்த்துப் படித்தேன். இப்போது முயற்சி பண்ணுகிறேன்.

கம்ப்யூட்டருக்குப் படம் என்பது வெறும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெளிச்சக் கணக்கு. முழுக் கறுப்பு பூஜ்யம். முழு வெள்ளை ஒன்று. மற்றதெல்லாம் நடுவில், கால், அரை, முக்கால் என்று. ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைக்கும்போது மேல் புள்ளியும் கீழ்ப் புள்ளியும் எப்படிச் சேரவேண்டும் என்று சொல்வதுதான் பிளெண்டிங் மோடு.

நார்மல் என்றால் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். டவுன் பஸ்ஸில் நமக்கு முன்னால் நிற்கிற ஆள் மாதிரி.

மல்ட்டிப்ளை என்றால் பெருக்கல். அரையை அரையால் பெருக்கினால் கால். அதனால் எப்போதும் இருட்டும். ஆயுத பூஜைக்கு ஒட்டுகிற கண்ணாடித் தாளில் மஞ்சள் மேல் நீலத்தை வைத்து பல்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தாளில் தெரிந்த வெளிச்சம் இரண்டு தாளில் தெரியாது. ஆனால் வெள்ளையின் கணக்கு ஒன்று. ஒன்றால் எதைப் பெருக்கினாலும் அதுவேதான். அதனால் மேலே வைத்த படத்தில் உள்ள வெள்ளை, இருக்கிற இடம் தெரியாமல் போய்விடும்.

ஸ்க்ரீன் அதற்கு நேர் எதிர். அது இருட்டைப் பெருக்கும். அரை இருட்டை அரை இருட்டால் பெருக்கினால் கால் இருட்டு. மீதி முக்காலும் வெளிச்சம். பக்கத்தில் தளி கிராமத்துக்குப் பூ மூட்டை ஏற்றப் போகிறவர்கள் பனியில் பைக்கை நிறுத்தும்போது ஒரே சுவரில் இரண்டு ஹெட்லைட் விழுமே, அது மாதிரி. இதில் கறுப்பு காணாமல் போகும்.

ஆட் என்றால் கூட்டல். கால் வெளிச்சமும் அரை வெளிச்சமும் முக்கால். சரி. முக்காலும் அரையும்? ஒன்றேகால். ஆனால் கொடுக்கிற படத்தில் ஒன்றுக்கு மேல் இடம் கிடையாது. படியில் நெல் அளக்கும்போது கையால் தலை தட்டுவதைப் போல மிச்சத்தைத் தட்டிவிட்டு ‘ஒன்று’ என்று எழுதிவிடும். முக்காலும் அரையும் சேர்ந்தாலும் ஒன்று. முக்காலே மூணு வீசமும் அரையும் சேர்ந்தாலும் ஒன்று. வேலை நடக்கும்போது சில சாஃப்ட்வேர் அந்த மிச்சத்தை நினைவில் வைத்திருக்கும். படமாக எழுதிக் கொடுத்த பிறகு அதற்கும் தெரியாது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலை மட்டும் வந்த தாத்தா

புதிதாக வேலை கற்றுக்கொண்ட நாளில், செத்துப்போன ஒரு தாத்தாவைப் பேரன் கல்யாணத்துக்கு வரவழைக்கச் சொன்னார்கள். வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்த படம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மல்ட்டிப்ளை போட்டால் பின்னால் உள்ள சுவர் போய்விடும் என்று எனக்கு ஒரு புத்திசாலித்தனம்.

சுவர் போனது. கூடவே வேட்டியும் சட்டையும் போயின. இரண்டு கையும் ஒரு தலையும் மணமேடையில் மிதந்தன.

நாகராஜ் அண்ணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஏம்ப்பா குரு, ஆசீர்வாதம் பண்ண வந்தவர வேட்டி சட்ட இல்லாம அனுப்பறியே! கல்யாண வீடுப்பா!"

அவசரத்தில் ஸ்க்ரீனுக்கு மாற்றினேன். இப்போது வேட்டி, சட்டை, பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் எல்லாம் வந்துவிட்டது. முகம்தான் போய்விட்டது. நம் ஆட்களின் முகம் ஸ்க்ரீனுக்குப் பாதி இருட்டு.

"இப்ப சட்டையும் செவுரும் மட்டும் நடந்து வருது. நீ தாத்தாவக் கூட்டிட்டு வரச் சொன்னா சலவைக்காரர் கடையக் கூட்டிட்டு வர்ற."

அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் தாத்தாவின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி, நார்மலில்தான் வைத்தேன். வெள்ளைத் துணி, கறுத்த முகம். இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்றுகிற குறுக்கு வழி எதுவும் கிடையாது என்று அன்றே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பாயசத்தில் கிராம்பு

கௌரி போன பிறகு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். மாதையனை எனக்கு ஞாபகம் வந்தது.

அக்கா கல்யாணத்தன்று நான் மேடைக்குப் பக்கத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்து என் காதோரம் குனிந்தார்.

"தம்பி, சம்பந்தி ஊட்ல எல்லாரும் செவப்பு. நடுவுல நான் நின்னா பாயசத்துல கெடக்கற கிராம்பு கணக்கா இருக்குது. நாளைக்கு எம்பொண்ணு அந்த ஊட்ல ஒக்காந்து இந்தப் படத்தத்தான் போட்டுப் பாப்பா. கொஞ்சம் பாத்துப் பண்ணிக் குடு."

"அதெல்லாம் ஒரு பட்டன்தாங்க" என்றேன்.

"ஒரே பட்டனா?" என்று கேட்டார். "அட, நான் பொறந்தப்பவே அது இருந்திருக்கக் கூடாதா!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு. முகம் முழுக்க மடிந்து, கண் சுருங்கி, ஒரு பக்கக் கன்னத்தில் ஆழமாக ஒரு கோடு விழுந்தது. அவ்வளவு அழகான முகத்தை அன்று நான் ஒரு வேலையாகத்தான் பார்த்தேன். அவருக்கு ஒரு தடவை பத்தவில்லை. எஃப்-5 இரண்டு தடவை அழுத்தினேன்.

படம் கொடுத்து முடிந்ததும் வழக்கம்போல ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டோம். கேமராவில் பதிந்த அவருடைய சொந்த முகம் அதோடு போயிற்று.

வாங்கின மூஞ்சி

ஒரு வாரம் முயன்றேன். ஸ்க்ரீன் மட்டும் போட்டிருந்தால் கணக்கைத் திருப்பிப் போட்டு ஓரளவுக்கு மீட்கலாம். இருட்டு குறைந்ததே தவிர ஒரேயடியாக அழியவில்லை. ஆனால் அதன் மேல் ஆட். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் தலை தட்டி ‘ஒன்று’ ஆகியிருந்தன. நெற்றியில் எத்தனையோ வரி இருந்திருக்கும். வரிக்கு ஒரு கணக்கு, வரிக்கு நடுவே ஒரு கணக்கு. இப்போது எல்லாம் ஒரே வெள்ளை.

மேலே மல்ட்டிப்ளை போட்டு இருட்டாக்கினேன். வெள்ளையை இருட்டாக்கினால் சாம்பல் வரும். மாதையன் வரமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கௌரி அவள் அம்மா முனியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சாம்பல் முகத்தைக் காட்டினேன்.

"விபூதி கொட்டுன மாதிரி இருக்குதுங்கண்ணா" என்றாள் கௌரி.

அவள் போனில் இருந்த படங்களைப் பார்த்தோம். பாதிப் படங்களில் அவர் துண்டால் முகத்தை மறைத்திருந்தார். மீதியில் போனே தன் பங்குக்கு முகத்தை வழவழவென்று வெளுத்து வைத்திருந்தது. வீட்டில் மாலை போட்டிருக்கிற படமும் இதே கல்யாணப் படத்திலிருந்து எடுத்ததுதான். கடைசியில் ஆதார் அட்டையை எடுத்தாள்.

"இதுல வேணாம்மா" என்றார் நாகராஜ் அண்ணன். "ஆதார்ல நானே நானில்ல."

அப்போதுதான் முனியம்மா வாயைத் திறந்தார். "எதுக்குப்பா இந்தப் பாடு? இருக்கறத வெச்சுப் போடு."

"அம்மா, அது அப்பா மாதிரி இல்ல."

"இல்லதான். அவரு ஆசப்பட்டு வாங்குன மூஞ்சிடி அது. இந்தத் தம்பிகிட்டக் கேட்டு வாங்குனாரு. படத்தப் போட்டுப் பாத்துட்டு, ‘முனியா, நல்லா வந்திருக்கறன்ல?’ன்னாரு. அத என்னாத்துக்கு நீ இப்ப அழிக்கற?"

"அக்காவுக்காக வாங்குனாரு. எனக்காகவா வாங்குனாரு?" கௌரியின் குரல் உயர்ந்தது. "சின்னதுல இருந்து எல்லாரும் என்னை அப்பன உரிச்சு வெச்சவன்னுதான் சொன்னாங்க. அது ஒண்ணுதாம்மா எனக்கு. அங்க எம்பக்கத்துல இந்த வெள்ள மூஞ்சி நின்னா, நான் யார உரிச்சு வெச்சவ?"

முனியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கௌரியின் அக்கா மகன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ‘இந்தத் தாத்தா யாரு’ என்று கேட்டதாகப் பிறகு மெதுவாகச் சொன்னார். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது போலிருந்தது.

தட்டுக்கு மேலே

எனக்கு ஒன்று தோன்றியது. முகத்தின் வடிவம் போனது போகட்டும், நிறமாவது உண்மையாகக் கிடைத்தால் மேலே பூசிப் பார்க்கலாம். பளிச் படாத தோல் அவர் உடம்பில் எங்காவது கொஞ்சம் வேண்டும். கழுத்து வளையத்துக்குள் மாட்டிக்கொண்டது. காதும் அப்படியே.

படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். தட்டுக்கு மேலே கை வந்தது. பெரிதாக்கினேன்.

கை கறுப்பாக இருந்தது.

எஃப்-5 முகத்தைத்தான் தேடும். கையைத் தேடாது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை எந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் முகம் ஒரு ஊராகவும் கை ஒரு ஊராகவும் இருப்பது அதனால்தான். அதை நாங்கள் பிழை என்று சொல்லி எங்களுக்குள் கேலி பண்ணுவோம். சரிசெய்ய நேரம் இருக்காது.

நிறம் எடுப்பதற்காக மவுஸ் அம்புக்குறியைக் கையின் மேல் கொண்டுபோனேன்.

"நில்லுங்கண்ணா!" கௌரி என் தோளைப் பிடித்துவிட்டாள். "தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

திரை முழுவதும் அந்தக் கை. மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு வெந்த திட்டுகள் மணிக்கட்டு வரைக்கும் இருந்தன. விரல் கணுக்கள் முடிச்சு முடிச்சாக. உள்ளங்கை மட்டும் கொஞ்சம் வெளிர். அதில் அரிசி.

"ஓட்டுங்க" என்றாள். ஓட்டினேன். கை உயர்ந்து, மெதுவாகத் தூவியது. "திருப்பி ஓட்டுங்க."

எத்தனை தடவை ஓட்டினேனோ. முனியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மூஞ்சி வேணாங்கண்ணா" என்றாள் கௌரி. "இந்தக் கை எங்களுக்கு அரிசி போட்டா போதும்."

வேலை அதிகம் இல்லை. கையின் ஓரத்தைச் சுற்றி ஒவ்வொரு ஃபிரேமிலும் கோடு போட்டு வெட்டி நார்மலில் வைத்தேன். பறக்கிற அரிசியை அப்படி வெட்ட முடியாது. பின்னால் இருந்த அரக்குத் திரைச்சீலையைக் கறுப்பாகும் வரை இருட்டாக்கிவிட்டு, அரிசியை மட்டும் ஸ்க்ரீனில் வைத்தேன். கறுப்பு மறைந்து அரிசி மட்டும் நின்றது. என் கணக்கில் ஸ்க்ரீன் அன்றைக்குச் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். கையின் மேல் எதையும் வைக்கவில்லை.

மண்டபத்தில்

கல்யாணம் கிருஷ்ணகிரியில். ரிசப்ஷனில் திரை ஓடியது. கௌரி தன் முகத்துக்கும் பளிச் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் நாகராஜ் அண்ணனிடம் வந்து, "பொண்ணுக்கு லைட் பத்தலையாப்பா?" என்று கேட்டார். அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இது நேச்சுரல் கலருங்கம்மா. இப்ப பெங்களூர்ல எல்லாம் இதுக்குத்தான் எக்ஸ்ட்ரா சார்ஜ்."

திரையின் ஓரத்திலிருந்து கை வந்தது. படத்திலிருந்த கௌரிக்கும் மாப்பிள்ளைக்கும் மேலே ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. அரிசி விழுந்தது. கூட்டத்துக்குப் புரியவில்லை. "யாரு கை? சாமி கையா?" என்று ஒரு குழந்தை கேட்டது. முன்வரிசையில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

முனியம்மா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் திரையையே உற்றுப் பார்த்து, "நகத்த வெட்டிட்டு வாங்கன்னு அன்னிக்குத் தலையால அடிச்சிக்கிட்டன். வெட்டாமயே வந்திருக்காரு பாரு" என்றார். பிறகுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் சாப்பிட உட்கார்ந்தபோது கௌரி பட்டுப்புடவையோடு பந்திக்கே வந்தாள். நன்றி சொன்னாள். போகாமல் நின்றாள்.

"அப்பா சிரிச்சா ஒரு பக்கம் மடிப்பு விழும்ங்கண்ணா. கன்னத்துல. நேத்துப் பூரா நெனச்சுப் பாத்தன். இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு தெரியல. அம்மா வலதுங்கறாங்க. அக்கா இடதுங்கறா. நீங்க கேமராவுல பாத்தீங்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

எனக்கு அந்த மடிப்பு ஞாபகம் இருந்தது. அது என் காதோரம், ஒரு முழத் தூரத்தில் விழுந்தது. எந்தப் பக்கம் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. படத்தில் அந்த இடம் ஒரே வெள்ளை.

"தெரியலம்மா" என்றேன்.

"பரவால்லீங்கண்ணா, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இலையில் இருந்ததை நான் முழுதாகச் சாப்பிடவில்லை.

கயல், அந்த ஸ்டிக்கர் இன்னும் பொத்தானின் மேலேதான் இருக்கிறது. கேட்டு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் அழுத்திக் கொடுக்கிறேன். அது முதலாளியின் பொத்தான், நம் வீட்டு அரிசியும் அதிலிருந்துதான் வருகிறது. மாதையன் கேட்டது தப்பு என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகளுக்காகக் கேட்டார். அவரிடம், ‘உங்க சிரிப்பு நல்லா இருக்குதுங்க, அப்படியே விட்டுரலாமே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக்கூடியவனாக அந்த மண்டபத்தில் அப்போது நான் ஒருவன்தான் இருந்தேன்.

நேற்று மதியம் நாகராஜ் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். கடையில் யாரும் இல்லை. உன் ஆண்டுவிழாப் படத்தைத் திறந்தேன். நீ அதில் நன்றாகச் சிரித்திருக்கிறாய். பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு எதையும் மேலே வைக்காமல் அப்படியே பிரிண்ட் போட்டேன். மை காய்ந்ததும் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் சின்னதாக எழுதினேன்: ‘கயல். சிரித்தால் இடது கன்னம்.’